அம்மாவுக்கு மட்டும்தான் சொன்னேன்

ஜனவரி 11, சனி

இன்றைக்கு என்னை வாலிபர் சங்கத் தலைவி ஆக்கிவிட்டார்கள். வாக்கெடுப்பு ஒன்றும் நடக்கவில்லை. போதகர் ஐயா, "இந்த வருசம் ஆர் பொறுப்பெடுக்கப் போறீங்க?" என்று கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து என் தோளில் ஒரு பல்லி விழுந்தது. நான் கையைத் தூக்கி உதறினேன். "ஷெரோமி! கர்த்தருக்குத் தோத்திரம்!" என்றார் ஐயா. எல்லாரும் கைதட்டினார்கள். இவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் எதையும் செய்து இரண்டு மாதம் இருக்கும்.

பிறகு ஒவ்வொருவரிடமும் ஜெபக் குறிப்புக் கேட்டேன். முதல் ஆள்: உலக சமாதானம். இரண்டாவது ஆள்: உலக சமாதானம். டிலக்சன் (பேக்கரியில் வேலை, நூற்றைந்து கிலோ): "எனக்கும் அதேதான்." ஏழு பேரும் உலக சமாதானத்துக்கே ஜெபம் கேட்டோம். ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கல்முனையில இருந்துகொண்டு உலகத்த நினைக்கிற பிள்ளைகள்" என்றார்.

அவருக்குத் தெரியாது. சொந்த விசயத்தைச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

போன நவம்பர் வரைக்கும் நாங்கள் இப்படியில்லை. எட்டுப் பேர் இருந்தோம். ஒருநாள் சுலக்சன் தன் கதையைச் சொன்னான். கட்டாருக்கு வேலைக்குப் போய்ப் பத்தொன்பதாம் நாள் திரும்பி வந்தவன் அவன். "கொம்பனிய மூடிட்டானுகள்" என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தான். கொம்பனி நன்றாகத்தான் ஓடுதாம். இவன்தான் வீட்டை நினைத்து அழுதிருக்கிறான். அழுத அழுகையில் அதே அறையில் இருந்த இரண்டு நேபாளக்காரர்களும் அழத் தொடங்க, மூன்று பேரையும் இழப்பதைவிட ஒருவனை அனுப்பலாம் என்று மேலாளரே டிக்கற் போட்டுக் கொடுத்துவிட்டார். இதைச் சொல்லும்போதும் அழுதான். நாங்களும் அழுதோம். "இது இந்த அறைக்கு வெளியில போகாது" என்று கைகோத்து ஜெபம் பண்ணினோம்.

மூன்றாம் நாள் சந்தியில் ஓட்டோக்காரர்கள் "பத்தொன்பது வாறாண்டா" என்றார்கள். மீன்காரர், "தம்பி, சூடை மீன் எத்தின வேணும்? பத்தொன்பதா?" என்று கேட்டாராம்.

றொமிலாதான் சொல்லியிருப்பாள் என்று எல்லாரும் முடிவுகட்டினார்கள். சுலக்சனுக்கு அவள் மச்சாள், மாமன் மகள். பள்ளிக்கூடக் காலத்திலேயே அவளுக்குப் பட்டம் 'ஒலிபெருக்கி'. "நான் இல்ல" என்றாள். ஒருவரும் நம்பவில்லை. அன்றோடு வருவதை நிறுத்திவிட்டாள்.

இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

ஜனவரி 15, புதன்

நாள் முழுக்க மழை. கடைக்கு ஒரேயொரு ஆள் வந்தார், கண்ணாடி வாங்க இல்லை, மழைக்கு ஒதுங்க. "சும்மா நிக்காம ஏறி இரிங்க காக்கா, கண்ணப் பாத்துவிடுறன்" என்று பாஹிமா அவரைப் பிடித்து எழுத்துப் பலகையை வாசிக்க வைத்தாள். மனிசன் கடைசி வரி வரைக்கும் பிழையில்லாமல் வாசித்தார். பாஹிமாவுக்குக் கோபம். மூன்று வருசமாக இந்தக் கண்ணாடிக் கடையில் நானும் அவளும் ஒரே மேசையில் இருக்கிறோம். கண் நல்லாயிருக்கிற ஆட்களை அவளுக்குப் பிடிக்காது.

ஜனவரி 18, சனி

இணையத்தில் தேடி ஒரு பயிற்சி எடுத்தேன். நம்பிக்கை வளர்க்கும் பயிற்சியாம். ஒருவர் கண்ணை மூடிப் பின்பக்கமாக விழ வேண்டும், மற்றவர்கள் தாங்க வேண்டும். மெல்லிய ஆள் ஒருவரை முதலில் விழச் சொல்லியிருக்க வேண்டும். அது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

டிலக்சன் தானே முன்வந்தான். "என்னப் புடிச்சா ஆரையும் புடிக்கலாம்" என்றான். சரியான நியாயம்தான். கண்ணை மூடினான், கையை விரித்தான், "கர்த்தாவே" என்றான், விழுந்தான்.

பக்கத்தில் நிற்பவன் பிடிப்பான் என்று ஆறு பேரும் நினைத்திருக்கிறோம்.

மாதர் சங்கத்துப் பிளாஸ்ரிக் கதிரைகள் மூன்று நொறுங்கின. டிலக்சனுக்குக் கீறல்கூட இல்லை. படுத்தபடியே கூரையைப் பார்த்து, "ஒருத்தனாவது கிட்ட வந்தயளா?" என்று கேட்டான். சுலக்சன் மட்டும் மெதுவாக, "இதுதான் எனக்கும் நடந்தது" என்றான்.

பெப்ரவரி 1, சனி

கதிரை உடைந்ததால் இந்த முறை உடையாத பயிற்சி. பெயர் போடாமல் ஒவ்வொருவரும் ஒரு இரகசியத்தைத் துண்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். நான் எடுத்து வாசிப்பேன்.

ஏழு துண்டில் நாலில், "ஐயாட பிரசங்கத்தில எனக்கு நித்திரை வரும்." நாலும் நாலு கையெழுத்து, ஆனால் சொல்லுக்குச் சொல் ஒன்று. கதவடியில் நின்ற ஐயாவை அப்போதுதான் கண்டோம். "பரவாயில்ல, எழுதேக்க எனக்கும் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிய மனிசன்.

ஐந்தாவது: "தொதல் பலகாரம் கிண்டுறது எண்டு சொல்லி ரெண்டு நாள் லீவு எடுத்தனான். தொதலே கிண்டல்ல." டிலக்சன். துண்டிலேயே எண்ணெய்.

ஆறாவது சரிந்த எழுத்து. "றொமிலா திரும்பி வந்தா நல்லம். ஆனா நான் போய்க் கேக்கமாட்டன்."

வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்க்காமல் மடித்து வைத்தேன். ஏழாவது என்னுடையது. "எனக்குப் பல்லிக்குப் பயம்."

பல்லிக்குப் பயம்! ஊருக்கே தெரிந்ததை இரகசியம் என்று எழுதியிருக்கிறேன். பேனையைப் பிடித்து ஐந்து நிமிடம் இருந்தேன். வேறு ஒன்று எழுதத்தான் இருந்தேன்.

பெப்ரவரி 22, சனி

கடற்கரைக்குப் போனோம். ஒருவருக்குக் கண்ணைக் கட்ட வேண்டும், மற்றவர் குரலால் மட்டும் வழிகாட்ட வேண்டும். டிலக்சன் கண்ணைக் கட்டிக்கொண்டான், சுலக்சன் வழிகாட்டி. "நேர போ. கொஞ்சம் இடது. இன்னும் போ." அப்போது சுலக்சனுக்குப் போன் வந்தது. "ஹலோ, ஓம், சொல்லுங்க" என்றான். டிலக்சன் அதையும் கட்டளையாக எடுத்துப் போய்க்கொண்டேயிருந்தான்.

அங்கால கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலைக் கயிற்றில் இவன் வயிறு முட்டியது. கயிற்றோடு கட்டிப் புரண்டு தண்ணிக்குள் விழுந்தான். இழுத்துக்கொண்டிருந்த பக்கத்து ஊர்ச் சாய்ந்தமருது ஆட்களுக்குக் கயிறு திடீரென்று பாரமாகிவிட்டது. பெரிய மீன் என்று சந்தோசப்பட்டுக் கத்தினார்கள். கண்ணைக் கட்டிய டிலக்சனைக் கண்டதும் வலைக்குத் தலைவரான மனிசன் இடுப்பில் கையை வைத்துக் கேட்டார்:

"யார்ரா இவன்? கண்ணக் கட்டிக்கிட்டுக் கடலுக்கு வாறது?"

"நம்பிக்கைப் பயிற்சி, காக்கா" என்றேன் நான்.

"அப்ப நல்லம். கயித்தப் புடிங்க எல்லாரும். நாங்களும் ஒங்கள நம்பி ரெண்டு ஆள வீட்ட அனுப்பப் போறம்."

ஏழு பேரும் பிடித்தோம். ஒரு மணித்தியாலம் இழுத்தோம். உள்ளங்கை எரிந்தது. ஏலேலோ சொல்லத் தெரியாமல் டிலக்சன் ஒரு ஞானப்பாட்டின் பல்லவியை எடுத்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் அவர்களும் அந்த மெட்டுக்கே இழுத்தார்கள். கடைசியில் ஒரு பை நிறையக் கீரி மீன் தந்தார்கள்.

நடந்து வரும்போது எல்லாரும் சிரித்தோம். சுலக்சனும். பிறகு அவன் பைக்குள் பார்த்து, "றொமிலாக்கு கீரி எண்டா உயிர்" என்றான். உடனே எல்லாரும் சிரிப்பை நிறுத்திவிட்டோம்.

பெப்ரவரி 23, ஞாயிறு

கீரி பொரித்தோம். என்னால் சாப்பிட முடியவில்லை. அம்மா, "என்னடி, வயித்துக்க ஏதும் பிழையா?" என்றா.

வயித்துக்க இல்ல.

மார்ச் 6, வியாழன்

இந்தக் கொப்பி என்ட சொந்தக் கொப்பி. இதிலயும் நான் மழுப்பிக்கொண்டு இருக்கிறன். வெட்கமா இல்லையா ஷெரோமி?

நான்தான். சுலக்சன்ட கதையச் சொன்னது நான்தான்.

அண்டைக்கு வீட்ட வந்து, அம்மா முருங்கைக்காய் வெட்டிக்கொண்டு இருந்தா, நான் பக்கத்தில குந்தினன். "பாவம் அம்மா அந்தப் பொடியன்" எண்டு தொடங்கினன். அம்மாவுக்கு மட்டும்தான் சொன்னன். அம்மா ஒரு ஆளா? அம்மாட்ட சொல்றது சொல்றதா? — இப்பிடி நாலு மாசமா எனக்கு நானே வக்கீல். றொமிலாவ எல்லாரும் குத்தம் சொல்லேக்க நானும் அந்த அறையிலதான் இருந்தன். வாயத் திறக்கல்ல. தலைய ஆட்டினனோ? ஆட்டினன் எண்டுதான் நினைக்கிறன்.

மார்ச் 7, வெள்ளி

கடையில் பாஹிமாவிடம், "உனக்கு ஒரு கதை சொல்லணும்" என்றேன். அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"நோன்பு புள்ள! நோன்போட புறம் கேக்க ஏலா. மஃரிபுக்கு நோன்பு துறந்த பொறகு போன் எடுத்துச் சொல்லு."

"மற்றாக்களப் பத்தி இல்ல. என்னப் பத்தித்தான்."

"ஒன்னப் பத்தியெண்டா சொல்லு" என்று கையை எடுத்தாள்.

சொன்னேன். முழுவதும் கேட்டாள். ஒரு கண்ணாடியை எடுத்துத் துடைத்தாள், வைத்தாள், அதையே திரும்ப எடுத்துத் துடைத்தாள்.

"இத எனக்கிட்ட சொல்லி என்ன செய்யப் போறாய்? நான் யாரு அந்தப் புள்ளைக்கு? மனிசர்ட ஹக்க, மனிசருக்குக் குடுக்க வேண்டிய கடன, மனிசர்ட்டத்தான் தீர்க்கணும் எண்டு எங்கட உம்மா சொல்லுவா. அல்லாஹ்ட்ட அழுதாலும் அவன் 'முதல்ல அந்தப் புள்ளைட வீட்ட போயிட்டு வா'ண்டுதான் சொல்லுவான்."

எங்கட வேதத்திலும் இதேதான் இருக்கிறது. காணிக்கையைப் பீடத்தில் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானமாகச் சொல்லி. அதையும் மனப்பாட வசனமாக மற்றவர்களுக்குக் கொடுத்ததே நான்தான்.

"போய் என்ன சொல்றது?"

"'நான்தான்'டு சொல்லு. ரெண்டே எழுத்து."

"அது ரெண்டு எழுத்து இல்ல பாஹிமா."

"எண்ணிக்கிட்டு நிக்காதடி. போ."

மார்ச் 8, சனி

போனேன்.

றொமிலா வீட்டுக் கேற்றடியில் அவளுடைய நாய் ஜிம்மி. நான் தட்டியதும் குலைக்கத் தொடங்கியது. றொமிலா வாசல்படியில் வந்து நின்றாள். தான் படிப்பிக்கிற முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு வெட்டிய கடதாசி வண்ணத்துப்பூச்சி ஒன்று கையில்.

"றொமிலா, நான்தான்" என்றேன்.

"தெரியுது, கண் இருக்கு. என்ன வேணும்?"

"அது இல்ல. சுலக்சன்ட விசயம். நான்தான் சொன்னது."

"என்ன? கேக்கல்ல!"

ஜிம்மி விடவில்லை. நான் குரலை உயர்த்தினேன். ஜிம்மியும் உயர்த்தியது. கடைசியில் நான் கண்ணை மூடிக்கொண்டு, இருந்த மூச்சையெல்லாம் எடுத்து, "சுலக்சன்ட கதைய ஊருக்குச் சொன்னது நான்தான்! நீ இல்ல!" என்று கத்தினேன்.

கத்திய அந்த நொடியில் ஜிம்மி நிறுத்திவிட்டது. ஒழுங்கை முழுக்க என் குரல் மட்டும் போனது. எதிர்வீட்டில் தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த மனிசி வாளியோடு நின்றுவிட்டா.

றொமிலா வண்ணத்துப்பூச்சியைப் படியில் வைத்தாள். இறங்கி வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"நாலு மாசம்" என்றாள். "நாலு மாசமா நான் ஒலிபெருக்கி. மாமி வீட்ட, சுலக்சனாக்கள்ட வீட்ட, நத்தார்ப் பண்டிகைக்குப் போகல்ல. நீ அந்த அறைக்குள்ள சும்மா இருந்தாய் என்னகா?"

"ஓம்."

கேற்றைச் சாத்திவிட்டாள். நான் திரும்பிப் பத்து அடி நடந்திருப்பேன், கேற் திறந்த சத்தம்.

"ஷெரோமி! இஞ்ச வா. கடைசி வீட்டு அன்ரிக்குக் கேட்டிருக்காது. அங்க போய் இன்னொருக்காக் கத்து."

போய்க் கத்தினேன். பிறகு நடுவில் உள்ள வீட்டுக்கும். மூன்று தரம். மூன்றாம் தரம் றொமிலா மதிலில் சாய்ந்து நின்று கேட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. "இனிப் போ" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 9, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குச் சரியான கோபம்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல! ரஞ்சிக்கு மட்டும்தான் சொன்னனான். அதுவும் ஜெபத்துக்காக!"

ரஞ்சி அன்ரி மாதர் சங்கச் செயலாளர். அவவும் ஜெபத்துக்காகவே மற்ற முப்பது பேருக்கும் சொல்லியிருப்பா. சுலக்சனுக்காக இந்த ஊரில் அவ்வளவு பேர் ஜெபித்திருந்தால் அவன் இந்நேரம் கட்டாரில் மேலாளர்.

மார்ச் 15, சனி

இன்றைக்குச் சங்கத்தில் எழும்பிச் சொன்னேன். எழுதிக்கொண்டு போன தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன்.

சொல்லி முடித்தேன். சுலக்சன் எழும்பி வெளியே போனான். ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தான். எல்லாரும் நிமிர்ந்தோம். ஹெல்மற்றை எடுத்துக்கொண்டு போனான். மறுகாத் திரும்பி வந்தான்.

"மோட்டச் சைக்கிள் ஸ்ரார்ட் எடுக்குதில்ல" என்றான், சுவரைப் பார்த்து.

எல்லாரும் தள்ளப் போனோம். "ஷெரோமி நீ தள்ளாத" என்றான். நான் விலகி நின்றேன். ஐந்து பேரும் தள்ளினார்கள். அசைந்தது, இருமியது, நின்றது. இரண்டாந்தரமும் நின்றது. சுலக்சன் ஹெல்மற்றுக்குள் இருந்து பெருமூச்சு விட்டான்.

"சரி, வந்து தள்ளு."

தள்ளினேன். பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். புகை முழுக்க என் முகத்தில். நியாயம்தான்.

மார்ச் 19, புதன்

வாட்ஸ்அப் குழுவில் நாலு நாளாக ஒரு சத்தமும் இல்லை. காலை வசனம் நான் போட்டேன். ஒருவரும் ஆமென் போடவில்லை.

மார்ச் 21, வெள்ளி

விலகுகிறேன் என்று ஐயாவிடம் கடிதம் கொடுத்தேன். வாசித்தார். "எழுத்துப் பிழை ரெண்டு கிடக்கு" என்று திருப்பித் தந்தார். "திருத்திக்கொண்டு வாறன் ஐயா" என்றேன். "அவசரமில்ல மகள். நாளைக்குக் கூட்டத்தை நடத்திப்போட்டுத் திருத்தலாம்."

மார்ச் 22, சனி

ஒருவரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்துப் போனேன். சுலக்சனைத் தவிர எல்லாரும் வந்திருந்தார்கள். அதுவும் எனக்கு முன்னமே. முகங்கள் ஒரு மாதிரி.

டிலக்சன் தன் பேக்கரியில் மீன் வைத்துச் சுட்ட மாலுபாண் ஒரு பெட்டியை நடுவில் வைத்துவிட்டு எழும்பினான்.

"எனக்கும் ஒண்டு சொல்லக் கிடக்கு. அண்டைக்கு நானும் சொன்னனான். தங்கச்சிக்கு. அவளுக்கு மட்டும்தான்."

பக்கத்தில் இருந்தவன் தொண்டையைச் செருமினான். "நான் எங்கட மாமாக்கு."

அதற்கடுத்தவள்: "நான் கூட வேலை செய்ற அக்காக்கு. ஆனா பேர் சொல்லல்ல. 'கட்டாரால வந்த, கீபோட் வாசிக்கிற, உயரமான ஒரு பொடியன்' எண்டுதான் சொன்னன்."

ஆறு பேரில் ஆறு பேரும். ஆளுக்கு ஒருவருக்கு மட்டும். ஒவ்வொருவரும் தான்தான் காரணமோ என்று நாலு மாதமாகப் பயந்து, உலக சமாதானத்துக்கு ஜெபித்துக்கொண்டு இருந்திருக்கிறோம். ஒருவருக்கும் சொல்லாத ஒரேயொரு ஆள் ஒலிபெருக்கி.

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு நிறுத்த முடியவில்லை. டிலக்சன் சிரித்து மாலுபாண் புரையேறி, எல்லாரும் முதுகில் அடித்தோம். சிரித்து முடிய ஒருவரையொருவர் பார்த்தோம். அப்போதுதான் உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

"எழும்புங்க" என்றேன். முதலில் சுலக்சன் வீடு. அவன் கேட்டு முடித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தான். "கல்முனைச் சந்தையில மைக் புடிச்சுச் சொல்லியிருந்தா இத விடக் குறைவான ஆக்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கும்" என்றான். பிறகு ஹெல்மற்றை எடுத்தான். "உங்களில எனக்குக் கோவம். ஆனா அவள நேர பாத்து 'நீதான்' எண்டு சொன்னது நான். நானும் வாறன்."

மூன்று மோட்டார் சைக்கிள், ஒரு துவிச்சக்கர வண்டி. ஜிம்மி ஏழு பேரையும் கண்டு குலைக்க மறந்து நின்றது.

றொமிலா வாசலில் கதிரை போட்டு இருந்து ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னாள், முன்பள்ளிப் பிள்ளைகளை விசாரிக்கிற அதே முகத்தோடு. கடைசியாகச் சுலக்சன். அவன் முன்னுக்குப் போனதும் அழத் தொடங்கிவிட்டான்.

"தொடங்கிட்டான்" என்றாள் றொமிலா. அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. "அழாதடா, இஞ்சயிருந்து உன்ன எங்க அனுப்புறது?"

திரும்பி வருவாளா என்று நான் கேட்டேன். "வாறன். ஆனா ஒண்டு. தலைவி நான்."

அவள் சொல்லி முடியமுன் "ஓம்" என்றேன்.

ஏப்ரல் 5, சனி

தலைவி றொமிலா. முதல் சட்டம்: உலக சமாதானத்துக்கு இனி ஐயா மட்டும்தான் ஜெபிக்கலாம், நாங்கள் சொந்தக் கதையோடு வர வேண்டும். இன்றைக்கு டிலக்சன், மெலிய வேண்டும் என்று ஜெபம் கேட்டான். கண்ணீரோடு கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவனே தான் கொண்டுவந்த கேக்கைப் பரிமாறினான்.

என்னிடம் இன்னும் ஒருவரும் பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. சொல்லும்போது கண் என் பக்கம் வந்து போகும். அது அப்படித்தான் இருக்கும். தேத்தண்ணி ஊற்றுவது என் பொறுப்பு. நன்றாக ஊற்றுகிறேன்.

மே 17, சனி

கூட்டம் முடிந்து கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். சுலக்சன் வந்து கழுவியதைத் துடைத்தான். ஏழாவது கோப்பையில், "ஷெரோமி, உன்னட்ட ஒரு விசயம் சொல்லலாமா?" என்றான். "இன்னும் ஒருத்தருக்கும் தெரியா."

தண்ணிக் குழாயை மூடினேன். அரை மணித்தியாலம் கதைத்தான். கோப்பைகள் தானாகவே காய்ந்துவிட்டன.

வீட்டுக்கு வந்ததில் இருந்து அம்மா என் முகத்தையே பார்க்கிறா. "என்னடி, ஒரு மாதிரி இரிக்காய்? கூட்டத்தில என்ன நடந்த?" மூன்று தரம் கேட்டுவிட்டா. வெங்காயம் உரிக்கக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தியும் கேட்டா.

"தேத்தண்ணிக்குச் சீனி காணாமப் போயிட்டு" என்றேன்.

அவன் என்ன சொன்னான் என்று இங்கேயும் எழுத மாட்டேன்.